திண்டுக்கல் கடிதம்: மலைக்கோட்டையும் லிசனூர் பிரபுவும்

திண்டுக்கல், மலையடிவாரம்

1783 மே மாதம் திண்டுக்கல் மலைக்கோட்டை மைசூரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் கைக்கு வந்தது. ஓராண்டு நிறைவதற்குள், 1784 மார்ச் 11 அன்று கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமே திரும்பிப் போனது. அந்த உடன்படிக்கையைப் பேசி முடித்தது சென்னை அரசு. அப்போது சென்னைக் கவர்னராக இருந்தவர் அயர்லாந்து நிலப்பிரபு ஒருவர், லிசனூர் மெக்கார்ட்னி பிரபு.

ஜார்ஜ் மெக்கார்ட்னி 1737 மே 14 அன்று வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் உள்ள லிசனூரில் பிறந்தார். அவருடைய முன்னோர் 1649இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்தபின், 1764இல் ரஷ்யாவுக்குத் தூதராகச் சென்று 1766இல் வணிக ஒப்பந்தம் ஒன்றை முடித்தார். 1768இல், பிரிட்டிஷ் பிரதமராக இருந்த பியூட் பிரபுவின் மகள் ஜேனை மணந்தார். 1776இல் அயர்லாந்துப் பிரபு வரிசையில் பட்டம் பெற்றபோது, தம் பண்ணையின் பெயரான லிசனூரையே அதில் சேர்த்துக்கொண்டார். பின்னர் மேற்கிந்தியத் தீவான கிரெனடாவில் கவர்னராக இருந்தார். 1779இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தீவைப் பிடித்தபோது கைதியாகி பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

1781 ஜூனில் கவர்னராகச் சென்னையில் இறங்கிய மெக்கார்ட்னி, கும்பினியில் எழுத்தராகச் சேர்ந்து படிப்படியாக மேலேறியவர் அல்லர். அப்போது ஐதர் அலியின் படை கர்நாடகச் சீமையைக் கலக்கிக்கொண்டிருந்தது, கஜானாவும் காலி. அந்த ஆண்டு நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினம் பிடிக்கப்பட்டது. டிசம்பரில் ஆற்காடு நவாப் முகமது அலியின் வரி வசூல் கும்பினி வசம் வந்தது. படைத்தலைவர்களோடு மெக்கார்ட்னிக்கு ஓயாத பூசல். 1783இல் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைப் பதவி நீக்கி, கைது செய்து கப்பலேற்றினார். அந்தப் பகை 1786இல் லண்டன் ஹைட் பார்க்கில் துப்பாக்கிச் சண்டையாக வெடித்தது. அதில் காயம்பட்டவர் மெக்கார்ட்னி.

திண்டுக்கல் விவகாரம் இந்தக் கெடுபிடிக்கு நடுவில் நடந்தது. மதுரை நாயக்கர்கள் கட்டிய கோட்டை இது. ஐதர் 1755இல் பௌஜ்தாராக வந்து தம் பலத்தை வளர்த்துக்கொண்டதும் இங்கேதான். தலையணைத் திண்டு போல் கிடக்கும் மொட்டைப் பாறை அது. பாறையிலேயே வெட்டிய படிகளில் ஏறி உச்சிக்குப் போனால் தெய்வச் சிலை இல்லாத கற்கோயில் ஒன்று நிற்கிறது. அங்கிருந்து ஒரு பக்கம் சிறுமலையும் மேற்கே பழனி மலைத்தொடரும் தெரிகின்றன. இடையில் வறண்ட சமவெளி. கொங்குச் சீமைக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட வழியை இங்கிருந்தே காவல் காக்கலாம். இப்படிப்பட்ட கோட்டையை விட்டுக்கொடுத்த உடன்படிக்கைக்காக மங்களூர் போன மூவரில் ஒருவர் ஜார்ஜ் ஸ்டான்டன். மெக்கார்ட்னியின் செயலாளரான அவரும் அயர்லாந்துக்காரர், கால்வேயில் பிறந்தவர். பிடித்த ஊர்களை இரு தரப்பும் திருப்பித் தருவது என்பதே உடன்பாடு. 1790 ஆகஸ்டில் கும்பினி கோட்டையை மீண்டும் பிடித்தது. இம்முறை படை நடத்தியவர் பெயரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். ஆனால் ஆள் வேறு. 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கும்பினிக்கே நிலைத்தது. பழைய பாளையங்களில் கன்னிவாடி, அம்மையநாயக்கனூர் போன்றவை பிற்பாடு ஜமீன்களாக நீடித்தன.

1785இல் பதவி விலகிய மெக்கார்ட்னி, தம் சொத்தில் சம்பளச் சேமிப்பைத் தவிர வேறெதுவும் சேரவில்லை என்று சத்தியம் செய்து கணக்குக் கொடுத்தார். வெறுங்கையோடு வந்து பெருஞ்செல்வத்தோடு கும்பினிக்காரர்கள் ஊர் திரும்பிய காலம் அது. கும்பினி அவருக்கு ஆண்டுக்கு 1,500 பவுண்டு ஓய்வூதியம் அளித்தது. வங்காளத்தின் கவர்னர் ஜெனரல் பதவி தேடி வந்தும் அவர் ஏற்கவில்லை. 1792 முதல் 1794 வரை சீனப் பேரரசருக்கான முதல் பிரிட்டிஷ் தூதுக்குழுவை நடத்தினார். ஸ்டான்டன் அங்கும் உடன் சென்றார். 1794இல் 'எர்ல்' பட்டம் வந்தது. பிறகு தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் கவர்னராக இருந்து, 1798இல் உடல்நலக் குறைவால் ஊர் திரும்பினார்.

லிசனூரும் திண்டுக்கல் ஜமீன்களைப் போல, உடையவர் ஒருவரும் உழுது வாரம் கொடுப்பவர் பலருமாக இருந்த நிலம்தான். உடையவரோ பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்தார். 1806இல் லண்டனுக்கு அருகே சிஸ்விக்கில் அவர் இறந்தபோது பிள்ளைகள் இல்லை. பட்டங்கள் அவரோடு முடிந்தன. சொத்து சகோதரி வழியில் ஹியூம் குடும்பத்துக்குப் போனது. வாரிசான ஜார்ஜ் ஹியூம், மெக்கார்ட்னி என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டார். 1847இல் லிசனூர் மாளிகையில் வைத்திருந்த வெடிமருந்து வெடித்து, அவர் மனைவி உயிரிழந்தார், மாளிகையும் இடிந்தது.