கைப்பிரதியும் டெஸ்டரும்

அஸ்தம்பட்டியில் எங்கள் சபை வளர்ந்துவிட்டது. ஞாயிறு ஆராதனைக்குப் பிந்தி வந்தால் பந்தலில்தான் இடம். ஆனால் பெஞ்சு நிறைவது மட்டும்தான் வளர்ச்சியா?

சென்ற மாதம் வாலிபர் ஐக்கியத்தோடு வீடுவீடாகக் கைப்பிரதி கொடுக்கப் போனேன். ஒரு பாட்டி, "காயிதம் கெடக்கட்டும் கண்ணு, கரண்டு வேலை படிக்கறயாமா, இந்த லைட்டைப் பாரு" என்றார். ஹோல்டரை மாற்றினேன். விளக்கு எரிந்ததும் காப்பி கொடுத்து, பேரன் படிப்பை நிறுத்திவிட்ட கவலையைச் சொன்னார். இப்போது அவன் சபை நடத்தும் மாலை டியூஷனுக்கு வருகிறான்.

இது புதிய வழியல்ல. 1827-ல் சேலத்தில் இலண்டன் மிஷன் பணி தொடங்கியது. 1840-ல் வந்த லெக்லர் ஐயர் பிரசங்கத்தோடு நிற்காமல் தொழிற்பள்ளியும் நடத்தினார்.

டெஸ்டர் பிடிக்கத் தெரிந்த நண்பர்களே, ஞாயிறு மதியம் வாருங்கள். அந்தத் தெருவில் இன்னும் வேலை இருக்கிறது.