பதினொரு பேருக்கு எந்த வாகனம்?

ஜூலை 6, 2025, ஞாயிறு

இரவு ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி கதைத்தாள். ஆடி அமாவாசைக்கு முன்னர் வந்துவிடுவார்களாம். பெரியண்ணையும் பாரிசிலிருந்து குடும்பத்தோடு வருகிறார். அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இந்த வீட்டில் நிற்கப்போவது இப்போதுதான். "சின்னண்ணை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு எல்லாருமாத் திருகோணமலைக்குப் போவம். ஒரு ஹயஸ் பிடிச்சால் காணும்தானே?" என்றாள்.

விரல் மடித்து எண்ணினேன். இங்கே நானும் மனைவியும் அம்மாவும். தங்கச்சி வீட்டில் நான்கு, அண்ணை வீட்டில் மூன்று, வவுனியாவில் ஏறப்போகும் சித்தப்பா ஒருவர். தலையை எண்ணினால் ஒரு வான் காணும். ஆனால் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, முழங்கால் இரண்டும் மடங்காது. தங்கச்சியின் மகனுக்கு ஆறு வயது, வாகனத்தில் ஏறினாலே சத்தி எடுப்பான். இந்த இரண்டு பேரையும் வைத்துத்தான் வாகனம் பார்க்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது. மற்ற ஒன்பது பேரும் எதிலும் போவோம்.

ஜூலை 8, செவ்வாய்

திருகோணமலைக்கு முதல் கட்டுநாயக்கா இருக்கிறது. அது வேறு கணக்கு. தங்கச்சி குடும்பத்தில் வருவது நான்கு பேர், ஆனால் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. எட்டுப் பெட்டி, 184 கிலோ, அதற்கு மேல் கைப்பைகள். காரின் பின்பெட்டியில் அந்த அளவுப் பெட்டி இரண்டு போனாலே பெரிய விஷயம். நான்கு பேர்தானே என்று கார் அனுப்பினால் விமான நிலைய வாசலில் வைத்து இரண்டாவது காருக்கு அலையவேண்டி வரும். ஆகவே விமான நிலையத்துக்கு வான், அதுவும் கடைசிச் சீற்றைக் கழற்றிவிட்டு. கூரைக் கரியரில் பெட்டி அடுக்குவதில் எனக்கு விருப்பமில்லை. பாரம் மேலே ஏற ஏற வளைவுகளில் வாகனம் ஆடும். பாரமானது கீழே, சில்லுக்குக் கிட்ட இருக்கவேண்டும்.

அண்ணை சென்னைக்கு வந்து பலாலியில் இறங்குகிறார். சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது 2019 ஒக்ரோபரில். கொரோனாவில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. எங்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. மூன்று பேர், குறைந்த பாரம். ஒரு காரும் ஒரு ஓட்டோவும் போய் ஏற்றிவரும்.

ஜூலை 11, வெள்ளி

அண்ணையின் யோசனை கோஸ்டர் பஸ். "பெரிசாப் பிடி, கால் நீட்டி இருக்கலாம்" என்று வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். காலையில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போனேன். மாட்டு வண்டிலுக்கும் சைக்கிளுக்கும் விட்ட ஒழுங்கை இது. கிடுகு வேலிகள் மதிலாக மாறியபோது ஒவ்வொருவரும் அரையடி வெளியே வந்துவிட்டார்கள். கிணற்றடி முடக்கில் எட்டடி நாலங்குலம்தான் இருக்கிறது. கோஸ்டர் இரண்டு மீற்றருக்கு மேல் அகலம், கிட்டத்தட்ட ஏழு மீற்றர் நீளம். கண்ணாடிகளை மடித்தாலும் அந்த முடக்கில் திரும்பாது. றோட்டில் நிறுத்திவிட்டு அம்மாவை ஓட்டோவில் கொண்டுபோய் ஏற்றலாம். ஆனால் அதிகாலை இருட்டில் ஓட்டோவில் ஒருக்கா, பஸ்ஸில் ஒருக்கா என்று அவவை இரண்டு தடவை ஏற்றி இறக்கவேண்டும். வரும்போதும் அப்படித்தான்.

ஹயஸ் வானில், உயர்கூரை கேடிஎச் 1.88 மீற்றர் அகலம், 5.38 மீற்றர் நீளம், உயரம் ஏழரை அடி. முடக்கில் மட்டுமட்டாகத் திரும்பும். தொங்கும் மின்வயரையும் முருங்கைக் கொப்பையும் பார்த்துக்கொள்ளவேண்டும். சாதாரணக் கூரை கேடிஎச் 1.695 மீற்றர் அகலம், 4.695 நீளம். அது படலைக்குள்ளேயே வந்து திரும்பும்.

ஜூலை 13, ஞாயிறு

சங்கானைப் பக்கம் ஒருவர் வீட்டு முற்றத்தில் உயர்கூரை வான் ஒன்றைப் பார்த்தேன். "பதினாலு சீற் மாஸ்ரர், தாராளமாப் போகலாம்" என்றார். ஏறி, ஒவ்வொரு சீற்றிலும் இருந்து பார்த்தேன். சாரதிக்குப் பக்கத்தில் ஒருவர், நடுவில் மூன்று வரிசை, கடைசி வரிசையில் மூன்று பேர். நடு வரிசைகளில் இரண்டிரண்டு பேருக்குத்தான் நிலையான சீற். வரிசைக்கு ஒன்றாக மூன்று மடக்குச் சீற்றுகள் நடைவழியை அடைத்துக்கொண்டு விரிகின்றன. ஒன்றை விரித்து இருந்தேன். முதுகு சாய்க்கும் இடம் என் தோள்மூட்டுக்குக் கீழேயே முடிந்துவிட்டது. பிணைச்சல் ஒரு பக்கம் வளைந்து, உடம்பை அசைக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டது. பட்டி இல்லை. சடுதியாகப் பிறேக் பிடித்தால் அதில் இருப்பவர் முன்வரிசைக்குப் போய்த்தான் நிற்பார். பின்னால் இருக்கிறவர்களுக்கு வெளியே வரும் வழியும் அவர்தான்.

ஆக, பதினாலு என்பது சாரதியோடு சேர்த்த எண்ணிக்கை. மடக்குச் சீற்றைக் கழித்தால் பயணிகள் பத்துப் பேர். நாங்கள் பதினொன்று, பைகள் வேறு.

ஒன்டாரியோவில் பிள்ளைகளுக்கு எட்டு வயது, அல்லது 36 கிலோ, அல்லது 145 செ.மீ. உயரம் வரும்வரை உயரச் சீற் கட்டாயம். தங்கச்சி அதைக் கையோடு கொண்டுவருகிறாள். அது வேலை செய்ய, தோளுக்குக் குறுக்காக வரும் பட்டி தேவை. இந்த வானில் அப்படிப் பட்டி முன்னால் மட்டும்தான். பின்னால் இருந்தவை இடுப்புப் பட்டிகள், அவற்றிலும் பாதி சீற்றின் இடுக்குக்குள் போய்விட்டன. முன்சீற்றுக்கு அடியில் என்ஜின், முன்சில்லுக்கு மேலால் மிதித்து ஏறவேண்டும். அம்மாவால் முடியாது. கடைசி வரிசை பின்சில்லுக்கு மேலே தூக்கித் தூக்கிப் போடும். மருமகனை அங்கே இருத்த முடியாது.

ஜூலை 14, திங்கள்

அம்மாவிடம் சொன்னேன். "அந்த நாளையில ஏ40 காருக்குள்ள பதினொரு பேர் கீரிமலைக்குப் போனனாங்கள், இப்ப என்ன புதுசா?" என்றா. உண்மைதான். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் சந்திக்குச் சந்தி வாடகைக்கு நின்ற காலம் அது. பிறகு பொருளாதாரத் தடைக்காலத்தில், தொண்ணூறுகளில், அதே கார்கள் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்த வாகனத்தில் நெருக்கிக்கொண்டு ஏறினால்தான் ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்ற நிலைமை. "கொஞ்சம் தள்ளி இருங்கோ, இன்னொராள் இருக்கட்டும்" என்பது அப்போது உயிரைக் காப்பாற்றிய சொல்.

ஆனால் அந்தக் கார்கள் மெல்ல ஓடின, கிட்டத் தூரம் ஓடின. இப்போது ஏ9 வீதி கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. கிளிநொச்சி தாண்டினால் எல்லாரும் மிதிக்கிறார்கள். விடியப்புறத்தில் சாரதி கண்ணயர்ந்து வான் நின்ற லொறியில் மோதியது என்ற செய்தியை எத்தனை தரம் வாசித்துவிட்டோம். அதே நெருக்கத்தை இந்த வேகத்துக்குக் கொண்டுவரக்கூடாது. இதில் நான் ஆரோடும் வாதாடத் தயார்.

ஜூலை 17, வியாழன்

முடிவெடுத்தாயிற்று. சாதாரணக் கூரை வான் ஒன்று, வாகன்ஆர் ஒன்று.

வாகன்ஆர் என்றதும் அண்ணை தொலைபேசியிலேயே சிரித்தார். ஜப்பானின் சின்னக் கார் சட்டத்துக்குள் செய்தது அது, நீளம் 3.4 மீற்றருக்கும் அகலம் 1.48 மீற்றருக்கும் மேல் போகாது, என்ஜின் 660 சிசி. ஆனால் கூரை உயரம். நேற்று அயலில் நின்ற அக்சியோ காரிலும் வாகன்ஆரிலும் அம்மாவை இருத்திப் பார்த்தேன். அக்சியோவில் தாழ்ந்து போய் இருந்தா, எழும்ப இரண்டு பேர் கை கொடுக்கவேண்டியிருந்தது. வாகன்ஆரின் சீற் அவவின் இடுப்பு உயரத்தில் நிற்கிறது. திரும்பி நின்று கதிரையில் இருக்கிற மாதிரி இருந்துவிட்டு, காலை உள்ளே எடுத்தா. பின்சீற் யன்னல் ஓரத்தில் தோள்பட்டி சரியாக இழுபடுகிறது. ஆகவே அம்மா முன்னால், பின்னால் தங்கச்சியும் மகனும். வானில் மற்ற எட்டுப் பேர். நிலையான சீற்றில் இடம் வெறுமையாகவும் நிற்கும்.

காசு கூடத்தான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு இந்த வருடம் பெப்ரவரியில்தான் திறந்தது. ஐந்து வருடமாகப் புது வான் வராததால், இருக்கிற பழையதுக்கே பொன் விலை. வாடகையும் அதோடு ஏறிவிட்டது. இரண்டு வாகனம் என்றால் இரண்டு சாரதிக்குப் பற்றா, சாப்பாடு, படுக்கை அறை. படுக்கை அறையில் மட்டும் ஒருவரும் கை வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வானுக்குள் நுளம்புக்கடியில் படுத்தெழும்பிய பிள்ளை அடுத்த நாள் எங்கள் எல்லாரையும் ஓட்டிக்கொண்டு வரவேண்டும். டீசல் யாருடையது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர், தாண்டினால் எவ்வளவு, கணக்கு எங்கள் படலையிலிருந்தா அவர் வீட்டிலிருந்தா எல்லாம் எழுதி வாங்கினேன்.

தங்கச்சியின் மனுசன், மச்சான், தானே ஓட்டலாமா என்று கேட்டார். கனடா சர்வதேச அனுமதியோடு வந்தாலும், இங்கே அதைப் பதிந்து எடுக்கவேண்டும். அதைவிட, வலப்பக்கம் ஓடிப் பழகிய கை. வேண்டாம் என்றேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கீரிமலை முழுக்கச் சனம். ஓட்டோவில் போய், கேணியில் தோய்ந்து, அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தோம். அந்த நெரிசலில் வான் கொண்டுபோனவர்கள் வெகுதூரத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடிந்த பிறகுதான் வெளிக்கிட்டோம். முறிகண்டியில் தேங்காய் உடைத்தாயிற்று, கச்சானும் வாங்கியாயிற்று. பிள்ளைகள் ஒன்றாக இருக்கவேண்டும் என்று அடம்பிடித்தார்கள். அதனால் அண்ணையின் மகன் மாங்குளம்வரை வாகன்ஆரில் மருமகனுக்குப் பக்கத்தில் இருந்து விளையாடினான், தங்கச்சி வானுக்கு மாறினாள். மருமகன் தன் உயரச் சீற்றிலிருந்து யன்னலால் வீதியைப் பார்த்தபடியே வந்தான். முன்னால் பார்த்துக்கொண்டிருந்தால் வயிறு பிரட்டாது போலும், ஒருக்காத்தான் சத்தி எடுத்தான், அதுவும் கச்சான் தின்றதால்.

வவுனியாவில் சித்தப்பா தனியே நிற்பார் என்று பார்த்தால், சித்தியும் பையோடு நின்றா. "இடமிருந்தா நானும் வாறன், இல்லாட்டிப் பரவாயில்லை." எங்கள் ஊரில் எந்தப் பயணத்திலும் இப்படி ஒருவர் நிற்பார். நிற்கவும் வேண்டும். நான் வெறுமையாக விட்ட இடத்தில் சித்தி இருந்தா, பைகள் கடைசிச் சீற்றுக்குப் பின்னால் போயின. மடக்குச் சீற்றை ஒருவரும் விரிக்கவில்லை. ஹொரவப்பொத்தானை வழியாகப் பின்னேரம் திருகோணமலை.

அம்மா கோணேஸ்வரத்தில் ஒவ்வொரு படியாக ஏறி, சந்நிதியில் நெடுநேரம் நின்றா. முழங்கால் நோகுதோ என்று கேட்டேன். "வாகனத்தில நோகேல்லை, இப்பத்தான் நோகுது" என்றா.

ஆகஸ்ட் 9, சனி

சில்லாலையிலிருந்து சிநேகிதர் ஒருவர் வந்தார், என்னோடு படிப்பித்தவர். 15ஆம் திகதி மடுத் திருவிழாவுக்குப் போக எங்கள் வான்காரரின் இலக்கம் வேண்டுமாம். எத்தனை பேர் என்றேன். பதின்மூன்று. தங்குவார்களா என்றேன். மூன்று இரவு, கூடாரமும் சட்டி பானையும் அரிசி மூட்டையும் விறகும் கொண்டு போகிறார்கள். வயதானவர்கள் இல்லை, கைக்குழந்தை இல்லை. வீடு பிரதான வீதியில். "அப்ப உங்களுக்கு இந்த வான் சரிவராது, கோஸ்டர் பாருங்கோ" என்றேன். "படலை வரைக்கும் வரும், பின்சீற்றெல்லாம் பானைக்கு. ஆனா நடைவழிச் சீற்றில பிள்ளையளை இருத்தாதேங்கோ." வான்காரரின் இலக்கத்தோடு, மானிப்பாயில் கோஸ்டர் வைத்திருக்கும் ஒருவரின் இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன். அண்ணை உள்ளேயிருந்து, "நான் சொன்னா மட்டும் கோஸ்டர் வேண்டாம்" என்று சத்தம் போட்டார்.