தில்லி: பனி விலகும்வரை

ஜனவரி, அதிகாலை 5 மணி. பாலம் விமான நிலையத்தில் எதிரே நிற்கும் விமானத்தின் வால்கூடத் தெரியவில்லை. தெளிந்த வானத்தின் கீழ் இரவில் தரை குளிர்கிறது. மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர, ஈரமும் புகையும் கீழேயே தங்கி மூடுபனியாகின்றன. பஞ்சாப் முதல் பீகார் வரை இதே கதைதான்.

ஓடுதளம் 50 மீட்டர் தெரிந்தாலே இறங்க இங்கே கருவிகள் உண்டு. விமானமும் விமானியும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். புறப்படவோ பொதுவாக 125 மீட்டர் தெரிய வேண்டும். எனவே இறங்கியவை கிளம்பாமல் நிற்கின்றன. இறங்க முடியாதவை ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ திரும்புகின்றன.

2015 முதல் விஞ்ஞானிகள் இங்கேயே பனியை அளந்து ஆராய்கிறார்கள். முன்னறிவிப்பு மேம்பட்டிருக்கிறது, கலைப்பதென்னவோ வெயில்தான். அதுவரை கல்யாணத்துக்குப் போகிறவரும் காரியத்துக்குப் போகிறவரும் ஒரே பெஞ்சில் அறிவிப்புப் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.