அந்தப் பத்து நிமிஷம்

தூத்துக்குடியில் விமானம் ஏறும்போது என் மனதில் ஒரே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் இரண்டரை மணிக்கு அக்காவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோவார்கள். பைபாஸ் சர்ஜரி. அதற்குள் சென்னை போய் அவள் கையைப் பிடித்துவிட வேண்டும். "நீ வந்து பக்கத்துல நின்னா போதும்ளா, பயம் போயிடும்" என்று முதல் நாள் போனில் சொல்லியிருந்தாள். அம்மா போன பிறகு எனக்கு அம்மா அவள்தான்.

வாகைக்குளத்திலிருந்து சரியான நேரத்துக்குக் கிளம்பினோம். இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும் சின்ன ஏ.டி.ஆர். விமானம். சென்னைக் கடற்கரை ஜன்னலில் தெரிந்ததும் 'அப்பாடா' என்றிருந்தது. ஆனால், விமானம் திடீரென்று திரும்பி, மறுபடி கடல் பக்கம் போக ஆரம்பித்தது. "முன்னால் ஒரு பெரிய விமானம் தரையிறங்குகிறது. போதிய இடைவெளிக்காகக் காத்திருக்கிறோம்" என்றார் பைலட். இவ்வளவு பெரிய வானத்தில் என்ன இடைவெளி வேண்டிக்கிடக்கிறது என்று பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அப்படியே பத்து நிமிஷம் போனது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினால், அக்கா மகள் வாசலிலேயே நின்றாள். "இப்பதான் சித்தி உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. கடைசி வரைக்கும் கதவையே பார்த்துட்டு இருந்தாங்க."

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அக்காவின் மருமகன் வேறொரு ஊரில், விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டு அதிகாரி. கோபம் முழுவதையும் அவரிடம்தான் கொட்டினேன். "உங்க ஆளுங்கதானே மாப்பிள்ளை எங்களைக் கடல்ல சுத்த விட்டாங்க?"

அவர் பதில் பேசாமல் போய் டீ வாங்கிவந்து கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஸ்கூட்டர்ல போகும்போது பெரிய லாரி ஒண்ணு உரசுற மாதிரி தாண்டிப் போனா, வண்டி ஒரு ஆட்டம் ஆடுமே அத்தை? விமானத்துக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. ஆனா அது ரொம்பப் பெருசு, கண்ணுக்கும் தெரியாது."

அதற்கு 'வேக் டர்புலன்ஸ்' என்று பெயராம். பறக்கும்போது இறக்கைக்கு அடியில் காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால் இறக்கை நுனியில் கீழ்க்காற்று மேலே சுருண்டு ஏறும். விமானத்துக்குப் பின்னால், படுக்கவைத்த சூறாவளிபோல இரண்டு சுழல்கள் நீளும். விமானம் எவ்வளவு கனமாக, எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அவ்வளவுக்குச் சுழல் பலமாக இருக்கும். இறங்க வரும் பெரிய விமானம் இரண்டும்தானே! விமானம் போய்விடும். சுழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியபடி நிமிஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். காற்று ஓங்கி வீசினால் சீக்கிரம் கலைந்துவிடும். அமைதியான நாளில்தான் ஆபத்து அதிகம் என்றார்.

"அதுக்குள்ள சின்ன விமானம் நுழைஞ்சா ஒரு பக்கமா உருட்டிவிட்டுடும். உயரத்துல இருந்தா நிமிர்த்த இடம் இருக்கும். இறங்கும்போது தரை பக்கத்துல இருக்கே அத்தை, எங்கே நிமிர்த்துறது?"

1972 மே 30-ம் தேதி அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில் நடந்ததைச் சொன்னார். டிசி-10 என்ற பெரிய விமானம் ஓடுபாதையைத் தொட்டுவிட்டு எழும்பியது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பின்னாலேயே பயிற்சிக்காக வந்த டிசி-9 இறங்கியது. அதுவும் பயணிகள் ஜெட் விமானம்தான், பொம்மை இல்லை. தரையை நெருங்கும்போது சுழல் அதைப் புரட்டியது. இறக்கை ஓடுபாதையில் மோதி, தீப்பிடித்து, உள்ளே இருந்த 4 பேரும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் பெரிய விமானங்களுக்குப் பின்னால் விடும் தூரத்தை இன்னும் கண்டிப்பாக்கினார்களாம்.

136 டன்னும் அதற்கு மேலும் எடையோடு கிளம்பக்கூடியவை 'ஹெவி' ரகம். அதற்குப் பின்னால் எங்களுடையதுபோன்ற நடுத்தர ரகம் இறங்க, 5 கடல் மைல் தள்ளி வர வேண்டும். அதாவது 9 கிலோமீட்டருக்கு மேல். ஏ380 போன்ற ராட்சசன் முன்னால் போனால் 7 கடல் மைல். "அந்த இடைவெளியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதுதான் என் வேலை அத்தை. அவசரமா வர்றவங்க விமானத்துல இருப்பாங்கன்னு எங்களுக்கும் தெரியும்" என்றார்.

டீ ஆறிப்போயிருந்தது. அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

இரவு எட்டு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சுது" என்றார். அக்கா வாய் திறந்து பேச இரண்டு நாள் ஆனது. ஏன் தாமதம் என்று அவளிடம் ஒப்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டவள், சின்னக் குரலில் சொன்னாள். "ஏளா, கப்பல் போன தடத்துல ஒடனே வள்ளத்த விடக் கூடாது. தண்ணி ஆறட்டும்."

எங்கள் அப்பா சொல்வது அது. மீன்பிடிக்கப் போகிறவர். சின்ன வயதில் எங்கள் இருவரையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போவார். துறைமுகத்துக்கு வரும் கப்பல் தூரத்தில் மறைந்த பிறகும் துடுப்பைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். கப்பல்தான் போயிடுச்சே என்று நான் நச்சரிப்பேன். அப்பா சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. அவள் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

"நான் கதவைப் பார்த்துட்டுதான் இருந்தேன். ஆனா நீ வந்து சேர்ந்துட்டேல்லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் அக்காவைப் பார்க்க மறுபடி போனேன். சென்னை நெருங்கும்போது விமானம் அதேபோலக் கடல் பக்கம் திரும்பியது. பக்கத்து சீட் இளைஞர் வாட்ச்சைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"தண்ணி ஆறணும் தம்பி, அதான்" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாகக் கடலை எட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து விழித்தார். இறங்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.