கறுப்பு வயர்

மானிப்பாய்–கைதடி வீதியும் பலாலி வீதியும் வெட்டுகிற உரும்பிராய்ச் சந்தியில் பின்னேரம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். சில ஓட்டோக்களும் ஹையேஸ் வான்களும் கண்ணில் படமுன்னரே நெஞ்சுக்குள் வந்துவிடும். முதலில் கடைக் கண்ணாடி அதிரும், பாட்டு பிறகுதான். சப்வூபர் எழுப்புகிற 40, 50 ஹேர்ட்ஸ் அலை ஏழெட்டு மீற்றர் நீளம். மதிலுக்கும் கதவுக்கும் அது மறிபடாது. பெரியவர்கள் முகஞ்சுளிப்பார்கள். எனக்கென்னவோ அந்த அதிர்வு திடீரென்று நின்றுபோனால்தான் அதில் அக்கறை பிறக்கும்.

நின்றுபோனால் வண்டிக்காரப் பெடியள் சொல்வது ஒன்றுதான்: "அம்ப் எரிஞ்சு போச்சு." அம்பிளிபயரில் சிவப்பு லைற்றைக் கண்டதும் அந்த முடிவுக்கு வந்துவிடுவார்கள். பெரும்பாலும் அந்த லைற் சொல்வது வேறு. வயர் எங்கோ முட்டுகிறது, வோல்ற் குறைகிறது, சூடு ஏறிவிட்டது, ஸ்பீக்கரின் ஓம் கணக்குத் தப்பு – இவற்றில் ஒன்றைக் கண்டு, எரியாமல் இருப்பதற்காக அம்ப் தானாகவே வாயை மூடிக்கொள்கிறது.

எங்கள் பக்கத்துக் கராஜ் ஒன்றில் இதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பெடியன் புது அம்ப் வாங்கவே காசோடு வந்திருந்தான். பழுதுபார்க்கிற அண்ணை பெட்டியைத் தொடவேயில்லை. "தம்பி, ஒண்டையும் கழட்டாதையும். பாட்டைப் போட்டு நல்லாக் கூட்டும்" என்றார். மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் மைனஸிலும் மற்ற முனையை அம்பின் எர்த்திலும் வைத்தார். அங்கே பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய எண், ஒவ்வொரு அடி விழும்போதும் ஒரு வோல்ற்றைத் தாண்டிக் குதித்தது. சீற்றுக்குக் கீழே விரிப்பைத் தூக்கினார். எர்த் வயர் பெயின்ற்றுக்கு மேலேயே முறுக்கப்பட்டிருந்தது. கத்தி முனையால் பெயின்ற்றைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்தபிறகு போல்ற்றை இறுக்கினார். சிவப்பு லைற் பிறகு வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 600 வாட் சத்தம் வேண்டுமென்றால் 12 வோல்ற்றில் 50 அம்பியர் வேண்டும். அம்ப் சூடாக வீணாக்குவதையும் சேர்த்தால் 60 தாண்டும். அந்த எர்த் வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 1.2 வோல்ற் கழிந்துவிடும். மெதுவான பாட்டுக்குக் கரண்ட் குறைவு, குறை தெரியாது. பறை விழும்போதுதான் வெட்டும். சத்தம் காணாதென்று பெடியன் கெயினைத் திருகுவான்; வெட்டுப்பட்ட அலை ஸ்பீக்கர் கொயிலைச் சுட்டெடுக்கும். கொயில் போய்விட்டதா என்று பார்ப்பது எளிது. வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ற் பற்றறி ஒன்றைத் தொட்டுப் பார்த்தால், நல்ல கொயில் என்றால் கூம்பு துள்ளும்.

அந்தச் சின்னப் பற்றறிதான் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்ற சாமான்களில் ஒன்று. மின்சாரமும் இல்லாத 1990களின் முற்பகுதியில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் றேடியோவைச் சூழ்ந்திருந்து பிபிசி தமிழோசை கேட்டார்கள். அந்தச் சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாட். அதிலிருந்து புறப்படுவது ஒரே ஒரு வயர். கரண்ட் திரும்புவது சைக்கிளின் சட்டத்தால். அதற்காகவே டைனமோவின் பிடியில் கூர்முனை ஆணி ஒன்று இருக்கும். அது பெயின்ற்றைத் துளைத்து இரும்பைக் கடித்தால்தான் வேலை நடக்கும். 3 வாட்டில் அதைப் பழகிய தலைமுறைக்கு 600 வாட்டின் வருத்தத்தை விளங்கிக்கொள்வது கஷ்டமா?

பழைய மொரிஸ் மைனர்களில் எர்த் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் பொடியோடு இணைந்திருப்பது பற்றறியின் பிளஸ். இன்றைய அம்பை மற்ற வண்டிகளுக்குக் கொடுப்பதுபோல் கொடுத்தால் முனை மாறிவிடும். பியூஸோடு போனால் புண்ணியம். முனையை மாற்றியமைத்தாலும் அந்தக் காரின் டைனமோ 20 அம்பியர் அளவுதான் தரும். அதற்கேற்ற சத்தத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

கடையில் எல்லாரும் கேட்பது வாட். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பதும் அதுதான். கறுப்பு எர்த் வயர் சிவப்பு வயரின் அதே தடிப்பா, எவ்வளவு கட்டை, எந்த இடத்தில் தகரத்தைத் தொடுகிறது, பற்றறிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்கிறதா என்று கேட்கிறவர் அபூர்வம். போகிற கரண்டுக்குச் செலவழிக்க மனம் வருகிறது. திரும்பி வருகிற வழிக்கு வருவதில்லை. அந்த இரண்டடிக் கறுப்பு வயரில் மிச்சம் பிடித்த காசைத்தான் பிறகு புது அம்புக்கென்று எண்ணிக் கொடுக்கிறோம், பழைய அம்பில் ஒரு குறையும் இல்லாமலே.