எஞ்சின ஒரு பக்கம்

லண்டன் சதக்கில் இருக்கிற ஜோர்ஜ் இன்னுக்குப் போனதும் நாங்கள் முதலில் அண்ணாந்து பார்த்தது அந்த மர மேல்மாடத்தைத்தான். 1676ஆம் ஆண்டுத் தீக்குப் பிறகு திரும்பக் கட்டினது. முற்றத்தின் மூன்று பக்கமும் இருந்த கட்டடத்தில் இரண்டு பக்கத்தை 1889இல் ரயில்வேக்காரர் இடிச்சுப்போட்டினம். எஞ்சின பக்கத்தில்தான் நாங்கள் இருந்தம்.

கைப்பம்பால் இழுத்துத் தந்த ஏலை வாயில் வைச்சதும், "இதென்ன, குளிரே இல்லை" என்று எங்களில் ஒருத்தன் முகம் சுளிச்சான். இது பீப்பாவுக்குள்ளேயே நொதிச்சுக்கொண்டிருக்கிற சாமான்; வெளியிலிருந்து வாயு ஏத்துறதில்லை. திறந்தால் சில நாளுக்குள்ள குடிச்சு முடிக்கவேணும். ஆள் வராவிட்டால் பழுதாப்போயிடும்.

கட்டடமும் அப்பிடித்தான் என்று பட்டது. 1937இலிருந்து நஷனல் டிரஸ்டின் பொறுப்பில் இருந்தாலும் அதை நூதனசாலை ஆக்கேல்லை. வாங்கில் இருந்து குடிக்க விட்டிருக்கினம்.

இரண்டாவது கிளாசுக்கு முதலில் எழும்பினவன், அந்த முகம் சுளிச்சவன்தான்.