ஈரப்பதக் கணக்கு

காவிரி டெல்டா ஊரான நீடாமங்கலத்தில் பி.காம். முடித்த பிள்ளை எம்பிஏ படிக்கப் போவதாகச் சொன்னால், "ஏன் தம்பி, சி.ஏ. படிக்கலையா?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். இரண்டும் கணக்குப் படிப்புதானே என்ற நினைப்பு.

ஐஐஎம்களில் சேர எழுதும் கேட் (CAT) தேர்வு அந்த நினைப்பை முதலில் கலைத்துவிடும். பட்டப்படிப்பில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீத மதிப்பெண் இருந்தால் எழுதலாம். மொத்தம் 2 மணி நேரம். ஆங்கிலம், தரவு, கணிதம் என மூன்று பகுதிகளுக்கும் தலா 40 நிமிடம். பேரேடு, தேய்மானம், இருப்புநிலைக் குறிப்பு எதுவும் வராது. கணிதப் பகுதியில் வருவதெல்லாம் விகிதம், வேகம், வடிவியல், இயற்கணிதம். பத்தாம் வகுப்போடு மறந்துபோன கணக்கு, மூன்று வருடம் டேலி மென்பொருளில் பழகிய விரல்களை வந்து மிரட்டும். பொறியியல் படித்தவர்கள் அதை விட்டு விலகியதே இல்லை. வகுப்பறை முழுக்க அவர்களே நிரம்பிவிடக் கூடாது என்று, மற்ற துறையினருக்குச் சில ஐஐஎம்கள் தேர்வுமுறையில் கூடுதல் மதிப்பெண் தருகின்றன.

கணக்கியலிலிருந்து நிர்வாகப் படிப்புக்குப் போனவர்களில் பெரிய பெயர் குமார் மங்கலம் பிர்லா. பி.காம்., சி.ஏ. முடித்து, 1992-இல் லண்டன் பிசினஸ் ஸ்கூலில் எம்பிஏ பெற்றார். 1995-இல் தந்தை மறைந்தபோது, 28 வயதில் குடும்பத் தொழில் குழுமத்தின் தலைவரானார். அவருக்குப் பேச வீட்டிலேயே ஆலைகள் இருந்தன. நீடாமங்கலத்துப் பிள்ளை நேர்முகத் தேர்வில் எதைப் பேசுவது?

நெல்லைப் பேசலாம்.

அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான விதி. 2023 பிப்ரவரியில், அறுவடை நேரத்து மழையில் டெல்டா நனைந்தபோது, மத்திய அரசு அதை 20 சதவீதமாகத் தளர்த்தியது. விவசாயிக்கு அது நிம்மதி. வாங்கி வைப்பவருக்கோ எடைக் கணக்கு. 17 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 96.5 கிலோ நிற்கும்; 20 சதவீதத்தில் வாங்கியது 93 கிலோவாக இறங்கும். புத்தகத்தில் இருப்புக் குறைவு என்று ஒரு வரி எழுதிவிட்டால் கணக்காளர் வேலை முடிந்தது. எந்தக் குவியலை முதலில் அரைவைக்கு அனுப்புவது, எதைக் காயப்போடுவது, அதுவரை முடங்கும் பணத்துக்கு வட்டி என்ன என்பதெல்லாம் அதற்குப் பிறகு எழும் கேள்விகள். எம்பிஏ அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நீடாமங்கலம் ரயில் நிலையத்தில் வெளிமாவட்டங்களுக்கு நெல் ஏற்றும் சரக்கு ரயிலும், அதற்காக மூடும் ரயில்வே கேட்டில் நீளும் வண்டி வரிசையும்கூட நிர்வாகப் பாடம்தான். ஆனால் விண்ணப்பக் கட்டுரைகளில் தலைமைப் பண்பு, குழு மனப்பான்மை என்று எல்லாரும் எழுதுவதையே எழுதிவிட்டு, பார்த்து வளர்ந்ததைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "சி.ஏ. இருக்க எம்பிஏ எதற்கு?" என்று நேர்முகத்திலும் அதே கேள்வி வரும். ஈரநெல் கணக்கைச் சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே பதில் இருக்கிறது.

இடம் கிடைத்துவிட்டால், தொடக்கத்திலேயே நிதிக் கணக்கியல் கட்டாயப் பாடம். பற்று எது, வரவு எது என்று புரியாமல் பொறியாளர்கள் இவர் விடுதி அறையைத் தட்டுவார்கள். புள்ளியியல் தேர்வுக்கு முந்தின இரவு இவர் போய் அவர்கள் அறையைத் தட்டுவார்.